விட்டதைப் பிடிக்கப் போகிறவரிடம் என்ன கேட்பது?

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில், அமிட்டிவில் என்றொரு சிற்றூர். அங்குள்ள சவுத் ஓக்ஸ் மருத்துவமனைக்கு 1980களில் குடியை விடவும் போதை மருந்தை விடவும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் குதிரைப் பந்தயத்திலோ சீட்டிலோ கசினோவிலோகூட மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. அவர்களாகச் சொல்லவும் இல்லை. குடித்தவரிடம் வாடை வரும், ஊசி போட்டவர் கையில் தழும்பு இருக்கும். சூதாடிக்கு அப்படி ஓர் அடையாளமும் கிடையாது. இரத்தத்தைச் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. வீட்டை அடகு வைத்துவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

அவர்களை அடையாளம் காண்பதற்காக மனநல மருத்துவர் ஷீலா ப்ளூமும் சமூகவியலாளர் ஹென்றி லெசியரும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். லெசியர் சூதாடிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து 1977-ல் ஒரு நூல் எழுதியவர். இழந்ததை மீட்க மறுபடி போவதும் மறுபடி இழப்பதும்தான் அந்த நூலின் மையம். நம் ஊரில் ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்பார்களே, அதேதான். 1987-ல் வெளியான அவர்களுடைய தாளுக்கு மொத்தம் 20 மதிப்பெண். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால், சூது நோயாகிவிட்டிருக்கலாம் என்று பொருள். நோயாளிகள், சூதை விட்டவர்கள் கூடும் சங்கத்தினர், கல்லூரி மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் என 1,616 பேரிடம் கொடுத்துச் சோதித்த தாள் இது. பிறகு உலகமெங்கும் இதையே மொழிபெயர்த்துப் பயன்படுத்தினார்கள்.

அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாம். மதிப்பெண் உள்ள இருபதில் ஒன்பது, ஆடுவதற்கோ ஆடிய கடனை அடைப்பதற்கோ பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியவை. வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணமா? கணவனிடமோ மனைவியிடமோ வாங்கியதா? மாமனார் வீடு உள்ளிட்ட சொந்தக்காரர்களிடமா? வங்கிக் கடனா, கிரெடிட் கார்டா, கந்துவட்டியா? பங்குகளை விற்றீர்களா, சொத்தை விற்றீர்களா, கணக்கில் காசில்லாமல் காசோலை எழுதிக் கொடுத்தீர்களா? படித்துக்கொண்டே போனால் கண்முன் ஓர் ஆள் தெரிகிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். குடும்பஸ்தர், சம்பாதிப்பவர், இழப்பதற்குச் சொத்து உள்ளவர்.

இதே தாளைப் பத்தொன்பது வயது மாணவரிடம் நீட்டுங்கள். மனைவி இல்லை, மாமனார் இல்லை, பங்கு இல்லை, பெயரில் சொத்து இல்லை, காசோலைப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. செமஸ்டர் கட்டணம் முழுவதையும் பந்தயத்தில் விட்டிருந்தாலும் அந்த ஒன்பதில் ஒன்றோ இரண்டோதான் அவருக்குப் பொருந்தும். இன்னொரு பக்கம், நீங்கள் ஆடுவதை யாராவது குறை சொன்னதுண்டா, ஆடியதற்காக மனம் உறுத்தியதுண்டா என்றும் தாள் கேட்கிறது. அப்பா அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பையன், பத்து ரூபாய் வைத்துச் சீட்டாடியிருந்தால்கூட இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று எழுதுவான். ஆக, நிஜமாகவே முழுகிக்கொண்டிருப்பவரைத் தாள் தவறவிடலாம். ஒன்றுமில்லாதவரைப் பிடித்தும் வைக்கலாம். இரண்டும் ஒரே தாளில் நடக்கும்.

மினசோட்டாவில் கென் வின்டர்ஸும் ராண்டி ஸ்டின்ச்ஃபீல்டும் சக ஆய்வாளர் ஒருவரும் 1993-ல் இதைப் பதின்வயதினருக்காகத் திருத்தி எழுதினார்கள். கடன் கேள்விகளை ஒன்றாகச் சுருக்கினார்கள். வாழ்நாளில் எப்போதாவது என்று கேட்காமல் கடந்த பன்னிரண்டு மாதத்தில் என்று கேட்டார்கள். மதிப்பெண் 12 ஆகக் குறைந்தது. 15 முதல் 18 வயதுவரையுள்ள பையன்களிடம் சோதித்தார்கள். பெண் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. தாளைக் கையாள்பவர்கள் அதைத்தான் முதலில் மறப்பார்கள்.

1990களின் இறுதியில் ஒரு விசித்திரம் தலைகாட்டியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஹோவர்ட் ஷாஃபரும் குழுவினரும் வட அமெரிக்காவில் அதுவரை நடந்திருந்த சுமார் 120 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது கடுமையான சூதுப் பிரச்சினைக்கு ஆளான பெரியவர்கள் 1.6 சதவீதம். பதின்வயதினர் 3.9 சதவீதம். கவனியுங்கள், கேட்டது ‘வாழ்நாளில்’. நாற்பது ஆண்டு வாழ்ந்தவரைவிடப் பதினாறு ஆண்டு வாழ்ந்தவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எப்படி வரும்? ஒருவேளை புதிய தலைமுறை உண்மையிலேயே மோசமாக மாட்டிக்கொண்டிருக்கலாம். பெரியவர்கள் பழசை மறந்திருக்கலாம். கேள்வியைப் பிள்ளைகள் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கவும் கூடும்.

அந்த மூன்றாவது சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டவர் கியூபெக்கில் லவால் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லடூசர். அவருடைய குழு செய்தது மிக எளிமையான காரியம். கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும், இதை நீ என்னவென்று புரிந்துகொண்டாய் என்று விசாரித்தார்கள். பல கேள்விகள் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தன. அர்த்தத்தை விளக்கிவிட்டு மறுபடி நிரப்பச் சொன்னபோது, பிரச்சினை உள்ளவர்கள் என்று வந்த எண்ணிக்கை சரிந்தது. 2000-ல் இது வெளியானதும் இந்தத் துறையில் நல்ல சண்டை மூண்டது. இதை வைத்துக்கொண்டு, இளையோர் கணக்கு முழுவதும் ஊதிப்பெருக்கப்பட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது என்று மாண்ட்ரீலின் ஜெஃப்ரி டெரவென்ஸ்கி முதலானோர் பதில் எழுதினார்கள். அதுவும் நியாயம்தான். புரியாமல் ‘ஆமாம்’ சொல்பவர் இருப்பதுபோல, நன்றாகப் புரிந்துகொண்டே ‘இல்லை’ சொல்பவரும் இருக்கிறார்.

புரியாமல் போவது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது அல்ல. ‘சூதில் எவ்வளவு செலவழித்தீர்கள்?’ இதைவிட எளிய கேள்வி இருக்க முடியுமா? ஒருவர் 500 ரூபாயோடு உட்காருகிறார். ஆடி ஆடி அது 1,200 ஆகிறது. கடைசியில் 1,200-ம் போய்விடுகிறது. அவர் செலவு எவ்வளவு? கையைவிட்டுப் போனது 500. மேசையில் வைத்துத் தோற்றது 1,200. இடையில் வைத்த பந்தயத்தையெல்லாம் கூட்டினால் சில ஆயிரம் வரும். ஜெயித்த பணம்தானே போனது, என் காசு 500-க்கு ஆடி ஆசை தீர்ந்தது, இதில் செலவு எங்கே வந்தது என்பவரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அலெக்ஸ் பிளாஸ்சின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் இதைப் போன்ற கதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். கதை ஒன்றுதான், விடைகள் பலவிதமாக வந்தன. எல்லாரும் நேர்மையாகத்தான் பதில் சொன்னார்கள். 1997-ல் வெளியான ஆய்வு இது. இன்றும் சூது பற்றிய கணக்கெடுப்புகளில் அந்த ‘எவ்வளவு’ வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் எழுகிறது.

அதனால்தான் இப்போது கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், புள்ளியியலுக்குப் போவதற்கு முன் பேசிப் பார்க்கிறார்கள். முதலில் கேள்விகள் ஏராளமாகச் சேரும். நிபுணர்கள் சொன்னவை, பழைய தாள்களில் இருந்தவை, சூதில் விழுந்து எழுந்த இளைஞர்கள் தங்கள் வாயால் சொன்னவை. பிறகு அந்த வயதுக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வியைப் படிக்கும்போது மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொல்வார்கள். இழந்தால் தாங்கும் அளவுக்கு மேல் பந்தயம் வைத்தீர்களா என்று கேட்டால், அப்பா அனுப்பும் பணத்தில் இருப்பவர் திகைப்பார். யாருக்குத் தாங்கும் அளவு, எனக்கா அப்பாவுக்கா? சூதாடுவீர்களா என்று கேட்டால், 2025-ல் இணைய விளையாட்டுத் தடை வருவதற்கு முன் ஐபிஎல் சமயத்தில் செயலியில் அணி அமைத்து நாற்பத்தொன்பது ரூபாய் கட்டிவந்தவர், சத்தியமாக இல்லை என்பார். அவரைப் பொறுத்தவரை அது கிரிக்கெட் அறிவு. பந்தயச் சீட்டை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்தீர்களா என்ற பழைய கேள்வி, போனில் வந்த குறுஞ்செய்தியை அழித்தீர்களா என்று மாற வேண்டியிருக்கும். இந்தப் பேச்சில் பாதிக் கேள்விகள் உதிர்ந்துவிடும். எஞ்சியவைதான் சில நூறு பேரிடம் போகும்.

அங்கேதான் பெரிய சிக்கல். தாள் சரியாகச் சொல்கிறதா என்று எதோடு ஒப்பிடுவது? தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வேண்டும். இங்கே படிக்கல், மருத்துவர் நேரில் பேசிச் செய்யும் நோயறிதல். அதற்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஆதாரம். சூதாட்டம் அதில் ஒரு நோயாக இடம்பிடித்ததே 1980-ல்தான். 1994 பதிப்பில் பத்து அறிகுறிகள். ஐந்து இருந்தால் நோய். 2013 பதிப்பில், சூதுப் பணத்துக்காகக் குற்றம் செய்தல் என்பதை நீக்கிவிட்டார்கள். ஒன்பது மிஞ்சியது, நான்கு இருந்தால் நோய். குற்றம் செய்யாமல் நான்கு அறிகுறிகளோடு இருந்த ஒருவர், பதிப்பு மாறிய அன்று ஒரு மாற்றமும் இல்லாமலே நோயாளியானார். படிக்கல்லின் எடையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி வருவது இந்தத் துறையிலேயே என்னை மிகவும் வியக்கவைக்கும் கணக்கு. கூட்டல் பெருக்கல் தவிர வேறெதுவும் இதற்கு வேண்டாம். அருமையான தாள் ஒன்று கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிரச்சினை உள்ள நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பிடித்துவிடும். பிரச்சினை இல்லாத நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரைச் சரியாக விட்டுவிடும். இதைப் போதை மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே ஆயிரம் பேரில் இருநூறு பேருக்குச் சூதுப் பிரச்சினை இருக்கிறது. தாள் 180 பேரைப் பிடிக்கும். மீதி எண்ணூறு பேரில் 40 பேரைத் தப்பாகப் பிடிக்கும். மொத்தம் 220, ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சரியான ஆட்கள். பிரமாதம்.

அதே தாள், ஒரு வார்த்தை மாற்றாமல், ஒரு கல்லூரிக்குப் போகிறது. ஆயிரம் மாணவர்களில் இருபது பேருக்குத்தான் பிரச்சினை. தாள் 18 பேரைப் பிடிக்கிறது. மீதி 980 பேரில் 49 பேரைத் தப்பாகப் பிடிக்கிறது. மொத்தம் 67 பேரில் உண்மையானவர்கள் 18. நான்கில் ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தாளின் திறமை ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. கூட்டம் மாறியது, அதனால் அதே மதிப்பெண்ணின் அர்த்தம் மாறிவிட்டது. மருத்துவமனையில் பிறந்த சவுத் ஓக்ஸ் தாள் பொதுமக்களிடம் போனபோது அளவுக்கு அதிகமானவர்களைச் சுட்டிக்காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். தப்பாகப் பிடிபட்ட அந்த 49 பேரில் ஒருவர் உங்கள் மகளாக இருந்து, முதல்வர் அறையிலிருந்து உங்களுக்கு போன் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால், ஸ்கிரீனிங் எனும் முதல் சல்லடை வேறு, நோயறிதல் வேறு என்று இத்துறையினர் ஏன் ஓயாமல் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டக் கல்லூரிகளில் 5,580 மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஒருமுறையாவது பணம் கட்டி ஆடியவர்கள் 19.5 சதவீதம். பிரச்சினை உள்ளவர்கள் 7.4 சதவீதம். அரசே லாட்டரி நடத்தும் மாநிலம் அது. மாணவர்கள் அதிகம் ஆடியதும் லாட்டரிதான். ஆடியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிரச்சினையா என்று திடுக்கிடுவதற்கு முன், இது மாணவர்கள் தாங்களே நிரப்பிய தாளின் முடிவு என்பதை நினைவில் வைக்க வேண்டும். மேலே போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். அதற்காக ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அப்படித் தாளில் சிக்கியவர்களிடம் மன உளைச்சலும் தற்கொலை எண்ணமும் படிப்பில் தோல்வியும் சூதே ஆடாதவர்களைவிட அதிகமாக இருந்தன. தாள் எதையோ தொட்டிருக்கிறது.

பொதுமக்களுக்கென்றே முதலிலிருந்து யோசித்து எழுதப்பட்டது, ஜாக்கி ஃபெரிஸும் ஹரோல்ட் வின்னும் 2001-ல் கனடாவில் உருவாக்கிய ஒன்பது கேள்வித் தாள். ‘ஆமாம், இல்லை’ என்ற வெட்டு ஒன்று துண்டு இரண்டு இதில் கிடையாது. ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், ஏறக்குறைய எப்போதும் என்று நான்கு படிகள். மொத்தம் 27; எட்டோ அதற்கு மேலோ வந்தால் பிரச்சினை. ஒன்று முதல் ஏழு வரை வருபவர்களையும் இது விட்டுவிடுவதில்லை. வழுக்கத் தொடங்கியவர்கள் என்று தனித்தனிப் படிகளில் வைக்கிறது. இளைஞர்களைப் பொறுத்தவரை அந்த நடுப்பகுதிதான் முக்கியம். சொத்தை விற்கும் கட்டத்துக்கு அவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஒன்பது கேள்விகளே பிரிட்டனில் ஒரு பூகம்பத்தைக் கிளப்பின. அங்கே உடல்நலக் கணக்கெடுப்பில் கேட்டபோதெல்லாம், எட்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அரை சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். 2024-ல் சூதாட்ட ஆணையம் வெளியிட்ட புதிய கணக்கெடுப்பில் அது 2.5 சதவீதம். பெரும்பாலானோர் இணையத்தில் தாங்களே தனியாக நிரப்பிய கணக்கெடுப்பு அது. ஆள் எதிரே இல்லாதபோது மனம் திறக்கிறார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள். சூது பற்றிய கணக்கெடுப்பு என்று அழைத்தால் சூதாடிகள்தான் ஆர்வமாக வருவார்கள், அதனால் எண்ணிக்கை கூடிவிட்டது என்றார்கள் மறுசாரார். இந்த இரண்டாவது வாதத்துக்கும் வலு உண்டு. ‘சூதாட்ட ஆய்வு’ என்ற பெயரில் அழைத்தபோது ‘உடல்நலம், பொழுதுபோக்கு ஆய்வு’ என்ற பெயரில் கிடைத்ததைவிட இரு மடங்குக்கும் மேல் கிடைத்ததாக, கனடாவில் ராபர்ட் வில்லியம்ஸும் ரேச்சல் வோல்பர்க்கும் 2009-லேயே காட்டியிருந்தார்கள். கேள்வி தொடங்குவதற்கு முன்பே, உறையின் மேல் எழுதிய தலைப்பிலேயே பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

சட்டமும் அப்படித்தான் பதிலுக்குள் நுழைகிறது. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2022-ல் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆட்டத்தை நடத்துபவர், விளம்பரம் செய்பவர் போன்றோருக்குத்தான் அதில் தண்டனை, ஆடுபவருக்கு இல்லை. ஆனால் வகுப்பறையில் தாளை வாங்கும் மாணவருக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருக்குமா? நேற்றுவரை பழக்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி, இன்று அவர் காதில் வாக்குமூலம்போல ஒலிக்கும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகை எண்ணைக் கேட்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

இளவயதுக்கு இன்னொரு குணம். மிசூரியில் வெண்டி ஸ்லட்ஸ்கியும் சக ஆய்வாளர்களும், கல்லூரியில் சேர்ந்த ஒரு குழுவைப் பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொன்பது வரை விட்டுவிட்டுத் தொடர்ந்து விசாரித்தார்கள். பிரச்சினை உள்ளவர்களின் விகிதம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஆட்கள்தான் ஒன்றாக இல்லை. முதல் முறை சிக்கியவர்களில் பலர் அடுத்த முறை வெளியே வந்திருந்தார்கள். புதியவர்கள் உள்ளே போயிருந்தார்கள். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு மாணவருக்குப் பட்டம் சூட்டினால் அது சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அதற்காக, தானாகவே சரியாகிவிடும் என்று விடுவதும் சரியில்லை. வெளியே வருவதற்குள் படிப்பும் பணமும் போயிருக்கலாம்.

இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவே, இரண்டே கேள்விகள் வியக்கத்தக்க வகையில் நிலைத்திருக்கின்றன. 1997-ல் வந்த ஒரு குறுந்தாள் இரண்டை மட்டும் கேட்டது. பந்தயத் தொகையை மேலும் மேலும் கூட்ட வேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை உங்களுக்கு முக்கியமானவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்ததா? 2010-ல் வந்த மூன்று கேள்வித் தாளிலும் அந்த மறைப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. அதோடு, ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தபோது எரிச்சலும் தவிப்பும் வந்ததா என்றும், செலவுக்குப் பிறரிடம் கையேந்த நேர்ந்ததா என்றும் அது கேட்கிறது. கையேந்துவது மாணவருக்கு மாதாமாதம் நடப்பதுதான் என்பதால் அந்த மூன்றாவதை இளைஞர்களிடம் நான் நம்ப மாட்டேன். பொய் அப்படியல்ல. அதற்குச் சொத்து வேண்டாம், சம்பளம் வேண்டாம், மனைவி வேண்டாம். பதினெட்டிலும் ஐம்பதிலும் அது ஒரே மாதிரி வேலை செய்கிறது. பொய் சொன்னாயா என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்ற கேள்வி எழும்தான். ஆனால் பெயர் தெரியாத ஒருவரிடம் ‘அம்மாவிடம் பொய் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்வது, ‘நான் சூதாடி’ என்று ஒப்புக்கொள்வதைவிட எளிது.

இனி கேள்வியே வேண்டாம், போனில் எல்லாம் பதிவாகிறதே என்று சொல்பவர்கள் வந்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டிப் பணம் போடுவது, தோற்ற சில நிமிடங்களில் மறுபடி போடுவது, பணத்தை எடுக்கக் கொடுத்த கோரிக்கையை ரத்து செய்து மறுபடி ஆடுவது. விட்டதைப் பிடிக்கும் ஓட்டம் நிமிடக் கணக்கில் அங்கே தெரிகிறது. பிரான்சில் ஓர் இணையப் போக்கர் தளத்தின் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களின் கணக்குகளை வைத்து இப்படிக் கணிக்க முடியுமா என்று 2016-ல் பார்த்தார்கள். ஓரளவு முடிந்தது. ஆனால் எந்தக் கணக்கு பிரச்சினைக்காரருடையது என்று கணினிக்கு முதலில் யார் சொல்லிக் கொடுத்தது? அந்த ஆட்டக்காரர்களுக்கே கனடாவின் ஒன்பது கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களைத்தான் கணினிக்குக் கொடுத்தார்கள். தவிர, ஒரு நிறுவனத்தின் பதிவேடு அதன் சொந்தச் செயலியில் நடந்ததை மட்டும் காட்டும். நான்கு செயலிகளும் நண்பனின் கணக்கு ஒன்றும் வைத்திருப்பவரின் முழுக் கணக்கு அவரிடம் மட்டுமே இருக்கிறது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.